எண்ணெய்ச் சட்டிக்கு எந்தத் தீயணைப்பான்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். ஆலைகளில் ஷிப்டு மாறும் வேளையில் அந்தக் கூட்டுச்சாலையில் நீங்கள் நின்று பார்த்ததுண்டா? 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ரெனால்ட்–நிசான் ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் ஒரகடத்தில் இயங்கத் தொடங்கின. ஏரிகளும் நெல்வயல்களுமாக இருந்த பகுதியில் இன்று இரவு பகலாக இயந்திரங்கள் ஓடுகின்றன. இயந்திரங்களை ஓட்டும் மனிதருக்குப் பசிக்குமல்லவா? அந்தப் பசியை நம்பித்தான் சாலையோரம் டிபன் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன.

அந்த வண்டிகளில் ஒன்றை எட்டிப் பார்ப்போம். ‘குட்டி யானை’ என்று நம் மக்கள் பெயர் சூட்டிய டாட்டா ஏஸ் வண்டி அது. பின்புறத் தட்டின் நீளம் ஏறத்தாழ ஏழடி. அகலம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. அந்த இடத்துக்குள் ஒரு மூலையில் இட்லிக் கொப்பரை, நடுவே தோசைக்கல், மறு மூலையில் போண்டாவும் பஜ்ஜியும் பொரியும் இருப்புச் சட்டி, சட்டியின் காலடியிலேயே எரிவாயு சிலிண்டர். மாஸ்டர் நிற்க மிஞ்சுவது இரண்டு சாண் இடம். இந்த வண்டிக்கு ஒரு தீயணைப்புச் சாதனம் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு சிவப்பு உருளையை எடுத்து நீட்டி, “எல்லாத் தீயும் அணையும் சார், எடுத்துட்டுப் போங்க” என்கிறார். எடுத்துக்கொண்டு போகலாமா?

வண்டிக்குள் அடுப்பெரிப்பது எத்துணை ஆபத்தான காரியம் என்பதை நம் மாநிலமே கண்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் விடியற்காலை. மதுரை இரயில் நிலையத்தருகே தனியாக நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து தீர்த்த யாத்திரை வந்தவர்கள் அதில் இருந்தார்கள். விதிக்கு மாறாக அவர்கள் உள்ளே கொண்டுவந்திருந்த சமையல் எரிவாயு சிலிண்டரே தீக்குக் காரணம் என்று இரயில்வே அறிவித்தது. ஒன்பது பேர் மாண்டார்கள். அந்தப் பெட்டியின் அளவை நம் குட்டி யானையின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிபன் வண்டிக்கு ஒரு பக்கம் திறப்பு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அத்திறப்பின் முன்னால் தட்டேந்தி இருபது பேர் நிற்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆறு நிமிடக் கணக்கு

எண்ணெய் எப்படித் தீப்பிடிக்கிறது? நெருப்புப் பட்டால்தான் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சமையல் எண்ணெய்க்கு நெருப்பே பட வேண்டியதில்லை. பஜ்ஜி பொரிவது சுமார் 180, 190 டிகிரி செண்டிகிரேடில். எண்ணெய் மேலும் சூடேறினால் முதலில் புகையும். பின்னர் ஏறத்தாழ 350 டிகிரியை எட்டும்போது, தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். எண்ணெய்க்கு எண்ணெய் இந்த எண் சற்று மாறும். பலமுறை காய்ச்சிய பழைய எண்ணெய் இன்னும் சீக்கிரமே பற்றும்.

190இலிருந்து 350க்கு ஏற எவ்வளவு நேரமாகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பென்சிலை எடுங்கள். சட்டியில் 5 கிலோ எண்ணெய் இருப்பதாகக் கொள்வோம். எண்ணெயின் வெப்ப எண் சுமார் 0.55, அதாவது ஒரு கிலோ எண்ணெயை ஒரு டிகிரி சூடேற்ற 0.55 கிலோ கலோரி வேண்டும். 160 டிகிரி ஏற்றுவதற்கு 5 × 0.55 × 160 = 440 கிலோ கலோரி. மணிக்கு ஒரு கிலோ எரிவாயு எரிக்கும் பர்னர் ஒன்று சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம் தருகிறது. அதில் நூற்றுக்கு நாற்பது பங்கே சட்டிக்குள் போகிறது என்றாலும் நிமிடத்துக்கு 73 கிலோ கலோரி. 440ஐ 73ஆல் வகுத்தால் விடை ஆறு.

ஆறே நிமிடம்! எண்ணெய் சூடேற ஏற அது வெளியே இழக்கும் வெப்பமும் கூடுவதால் ஒன்றிரண்டு நிமிடம் அதிகமாகலாம். சில்லறை மாற்றப் பக்கத்துக் கடைக்குப் போய், அங்கே தெரிந்தவரோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவதற்குள் சட்டி பற்றியிருக்கும்.

பற்றிய சட்டியைக் கண்டதும் கை தானாக எதைத் தேடும்? தண்ணீரை. இதைவிடப் பெரிய தவறு வேறில்லை. நீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆகவே ஊற்றிய நீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கும். அங்கே 350 டிகிரிச் சூட்டில் ஒரு கணத்தில் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுகிறது. 200 மில்லி லிட்டர் பிடிக்கும் ஒரு தம்ளர் நீர் 340 லிட்டர் நீராவியாகிறது. அந்த ஆவி மேலே உள்ள எரியும் எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடித்து வண்டி முழுவதும் தீப்பந்தாக வீசும். பெட்ரோல் நிலையங்களில் தொங்குகிறதே, சிவப்பு வாளி, அதிலுள்ள மணலும் இங்கே உதவாது. மணல் எண்ணெயில் மூழ்கும். மூழ்கிய அளவுக்கு எரியும் எண்ணெய் வழிந்து அடுப்பின்மேல் ஓடும்.

சிவப்பு உருளைக்குள் என்ன?

இனி கடைக்காரர் நீட்டிய உருளைக்கு வருவோம். அதன்மேல் ‘ஏ.பி.சி.’ என்று எழுதியிருக்கும். இவை தீயின் வகைகள். மரம், துணி, காகிதம் எரிவது ஏ வகை. பெட்ரோல் போன்ற திரவங்கள் எரிவது பி. வாயு எரிவது சி. மெக்னீசியம் போன்ற உலோகங்கள் எரிவது டி. சமையல் எண்ணெயும் திரவந்தானே, அது பி வகைக்குள் அடங்காதா என்று நீங்கள் கேட்கலாம். நீண்ட காலம் அப்படித்தான் அடக்கி வைத்திருந்தார்கள். ஆனால் அதன் குணம் வேறு என்பது அனுபவத்தில் தெரிந்தது. அமெரிக்காவில் அதற்குக் ‘கே’ என்று தனி எழுத்துக் கொடுத்தார்கள். அனைத்துலகத் தர நிறுவனம் ‘எஃப்’ என்று கொடுத்தது. இரண்டும் ஒன்றே. இதில் ஒரு குழப்பமும் உண்டு. நமக்கு ‘சி’ என்றால் வாயுத்தீ. அமெரிக்கருக்கு ‘சி’ என்றால் மின்சாரத்தீ. இறக்குமதிச் சரக்கின் பெட்டியைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

எண்ணெய்த் தீ ஏன் தனி வகை? பெட்ரோல் தீயில் பெட்ரோல் முழுதும் சூடாக இருக்க வேண்டியதில்லை. மேலே எரிகிறது, அடியில் குளிர்ந்தே இருக்கலாம். சுடரை ஒருமுறை அணைத்துவிட்டால், பக்கத்தில் வேறு நெருப்பில்லாதவரை அது மீண்டும் பற்றாது. எண்ணெய்ச் சட்டியிலோ ஐந்து கிலோ எண்ணெயும் தானே தீப்பிடிக்கும் சூட்டில் இருக்கிறது. மேலே ஆடும் சுடரை அணைத்தாலும், காற்றுப் பட்டதும் மறுபடி பற்றும். அதுவுமன்றி, ஒருமுறை எரிந்த எண்ணெய் முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றக்கூடியதாக மாறிவிடுகிறது. எனவே சுடரை அணைப்பது பாதி வேலைதான். எண்ணெயைக் குளிரவைக்க வேண்டும்; குளிரும்வரை காற்றுப்படாமல் மூடியும் வைக்க வேண்டும்.

ஏ.பி.சி. உருளையில் இருப்பது பெரும்பாலும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டுத் தூள். அது சுடரை அடக்கும். ஆனால் எண்ணெயைக் குளிர்விப்பதில்லை, நின்று மூடுவதுமில்லை. மேலும் அழுத்தத்தோடு பீறிடும் தூள் எண்ணெயைச் சட்டியிலிருந்து வெளியே தெறிக்கச் செய்யும். கரியமில வாயு உருளையின் கதையும் இதுவே: வாயு கலைந்ததும் தீ திரும்பும். கம்ப்யூட்டர் அறைகளில் வைக்கும் மற்ற வாயு அமைப்புகள் மூடிய அறைக்கானவை. ஒரு பக்கம் முழுதும் திறந்து கிடக்கும் டிபன் வண்டியில் அவ்வாயு எத்தனை நொடி தங்கும்?

கூரையில் தொங்கும் ஒரு சாதனத்தையும் பார்த்திருப்பீர்கள். கவிழ்த்த குடம் போன்ற உருவம். அடியில் சிவப்புத் திரவம் நிறைந்த சிறு கண்ணாடிக் குமிழ். குமிழ் 68 டிகிரியில் வெடிக்க, தூள் கொட்டும். மின்சாரப் பெட்டி அறைகளுக்கு நல்ல சாதனம். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் இரண்டு அடுப்புகள் எரியும்போது 68 டிகிரியை எட்டுவது அரிதன்று. தீயே இல்லாமல் வெடித்து, நூறு இட்லியின்மேல் தூளைக் கொட்டினால், அன்றே அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

வாகன ஆலைகளுக்கு நடுவே இருப்பதால் வேறொரு யோசனையும் யாராவது சொல்லக்கூடும்: பேருந்துகளின் எஞ்சின் அறைக்கென்று தானியங்கித் தீயணைப்பு அமைப்புகள் வந்திருக்கின்றனவே, அதையே பொருத்தலாமே என்று. அதற்கு ஏ.ஐ.எஸ். 135 என்ற இந்தியத் தர நெறியும் உண்டு. ஆனால் அது டீசலும் மசகெண்ணெயும் சிந்தி எரியும் எஞ்சினுக்காகச் சோதிக்கப்பட்டது. கொதிக்கும் சட்டி வேறு ஆள்.

தீயைச் சவர்க்காரமாக்குவது

சட்டித் தீக்கு மருந்து எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? சோப்புக் காய்ச்சும் கொப்பரையிலிருந்து!

எண்ணெயோடு காரம் சேர்ந்தால் சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நம் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணி வெளுத்ததன் சூட்சுமமும் அந்த மண்ணிலுள்ள காரந்தான். அமெரிக்க உணவகங்களில் முன்பு சமையல் சோடாத் தூளைக் கொண்டு எண்ணெய்த் தீயை அணைத்தார்கள். அது நன்றாகவே வேலை செய்தது. காரணம், அன்று அங்கே பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு போன்ற விலங்குக் கொழுப்பில்தான் பொரித்தார்கள். கொழுப்பும் சோடாவும் சேர்ந்து மேலே ஒரு சோப்பு ஆடை படிந்தது. தீ மூச்சு முட்டி மாண்டது.

பின்னர் மக்கள் இருதய நலம் கருதித் தாவர எண்ணெய்க்கு மாறினார்கள். தாவர எண்ணெய் இன்னும் உயர்ந்த சூட்டில் பற்றுகிறது. அவ்வளவு எளிதில் சோப்பாவதுமில்லை. எரிபொருளை மிச்சப்படுத்தச் சுவரில் வெப்பக்காப்பு வைத்த புதுப் பொரிப்பான்களும் வந்தன. அவை சூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. நேற்றுவரை தீயை அணைத்த தூள் இன்று அணைக்கவில்லை. இருதயத்துக்கு நல்லதென்று செய்த மாற்றம் தீயணைப்புக்காரரின் கணக்கைக் குலைத்துவிட்டது! இதனால்தான் 1994 நவம்பரில் அங்கே ‘யூ.எல். 300’ என்ற கடுமையான சோதனை நடைமுறைக்கு வந்தது. எண்ணெயைத் தானாகப் பற்றும்வரை காய்ச்சி, எரியவிட்டு, அதன் பின்னரே அணைத்துக்காட்ட வேண்டும். மீண்டும் பற்றவும் கூடாது. பழைய தூள் அமைப்புகள் இதற்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒதுங்கின.

ஈடுகொடுத்தது ஈரமருந்து. பொட்டாசியம் அசிட்டேட்டு, பொட்டாசியம் கார்பனேட்டு, பொட்டாசியம் சிட்ரேட்டு ஆகிய உப்புகளில் ஒன்றையோ பலவற்றையோ நீரில் கரைத்தது அது. சூடான எண்ணெயின்மேல் பட்டதும் பொட்டாசியம் சோப்பு உண்டாகிறது. முகம் மழிக்கும் கிரீமில் இருப்பதும் இவ்வகைச் சோப்பே. அது நுரைத்துப் பொங்கிச் சட்டியின்மேல் போர்வையாகக் கிடக்கிறது.

“இதுவும் நீர்தானே! நீரை ஊற்றினால் வெடிக்கும் என்றீரே?” என்று நீங்கள் மடக்குவீர்கள். ஊற்றினால்தான் வெடிக்கும். ஈரமருந்தை ஊற்றுவதில்லை, மெல்லிய துளிகளாக, வேகமின்றித் தூவுகிறார்கள். துளிகள் எண்ணெய்க்குள் இறங்குமுன் சுடரிலும் மேற்பரப்பிலுமே ஆவியாகிவிடுகின்றன. அப்படி ஆவியாகும்போது சூட்டை வாரிக்கொண்டு போகின்றன. முப்பது டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீர் முழுதும் ஆவியாக 610 கிலோ கலோரி வேண்டும். நம் சட்டி எண்ணெயை 350இலிருந்து 190க்கு இறக்க நீக்க வேண்டியது 440 கிலோ கலோரிதான். அடுப்பை அணைத்துவிட்டால், ஒரு லிட்டருக்கும் குறைந்த நீரே போதும் என்று கணக்குச் சொல்கிறது. நடைமுறையில் ஒரு பகுதி வீணாவதால் அதிகமாகவே வைத்திருப்பார்கள்.

அடுப்பை அணைத்துவிட்டால் என்றேன். அங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது.

சிலிண்டரை மறந்தால்

எரிவாயு காற்றைவிட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் போல வண்டியின் தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். வண்டிக்குள் ஆறு கன மீட்டர் காற்று இருக்கிறதென்றால், 0.12 கன மீட்டர் வாயு, அதாவது சுமார் கால் கிலோ கசிந்தால் போதும். சிலிண்டரிலோ 19 கிலோ இருக்கிறது. 2014 ஜூலை முதல் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஓர் உணவு வண்டியின் எரிவாயுத் தொட்டி இப்படிக் கசிந்து வெடித்தது. வண்டியில் சமைத்துக்கொண்டிருந்த தாயும் மகளும் உயிரிழந்தார்கள். அமெரிக்காவில் உணவு வண்டிகளுக்கெனத் தனி விதிகள் எழுதப்பட அதுவும் ஒரு காரணம்.

ஆகவே எந்தத் தீயணைப்பானாலும், வாயுவை நிறுத்தாமல் சுடரை மட்டும் அணைப்பது தீமையே. எரிந்துகொண்டிருக்கும் வாயு கண்ணுக்குத் தெரிகிற எதிரி. அணைந்தபின் ஓசையின்றிப் பரவும் வாயு மறைந்து நிற்கும் எதிரி. அடுத்த பொறிக்காகக் காத்திருக்கும்.

நல்ல நிலையான அமைப்பு ஒன்று இதையும் சேர்த்தே செய்கிறது. அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூண்டில் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கம்பியின் நடுவே இரண்டு உலோகத் தகடுகளை ஈயப்பற்று போன்ற எளிதில் உருகும் உலோகத்தால் ஒட்டியிருப்பார்கள். ரேடியோ ரிப்பேர்க்காரர் பயன்படுத்தும் வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரியில் உருகுகிறதல்லவா, அதே தத்துவந்தான். தீ எழுந்ததும் பற்று உருகும், தகடுகள் பிரியும், கம்பி தளரும். உடனே ஒரு வில் விடுபட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது: மருந்துத் தொட்டியைத் திறக்கிறது, எரிவாயுக் குழாயை மூடுகிறது. மின்சாரமே தேவையில்லை. கையால் இழுத்துவிடவும் ஒரு பிடி உண்டு. அந்தப் பிடி வெளியேறும் வாசலருகே இருக்க வேண்டும். அடுப்புக்குப் பின்னால் வைத்தால் தீயைத் தாண்டிப் போய் இழுக்க வேண்டியிருக்கும்.

எல்லா வண்டிக்கும் இது வேண்டுமா? என் கருத்தில், வேண்டியதில்லை. புகைக்கூண்டும் பெரிய பொரிப்பானும் கொண்ட, நாற்புறமும் அடைத்த பெரிய உணவு வண்டிக்கு நிலையான அமைப்பே சரி. ஒரே சட்டி வைத்த குட்டி யானைக்கு, கூண்டில்லாத திறந்த கூரையில், உருகு தகடு சரியாகச் சூடேறாமலே போகலாம். அதற்கு ‘எஃப்’ அல்லது ‘கே’ எழுத்துப் பொறித்த ஈரமருந்துக் கையுருளை ஒன்று, வாசலருகே. சட்டியை முழுதும் மூடக்கூடிய இரும்புத் தட்டு ஒன்று, சட்டியருகே. இவற்றோடு, வெளியே நின்றபடியே திருகி மூடக்கூடிய எரிவாயு வால்வு. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளிவரும். அதன் அறை வெளிப்புறமாகத் திறந்து, தரைமட்டத்தில் துளைகளோடு இருந்தால் கசியும் வாயு தெருவில் போய்க் கலையும். பணம் குறைவாக இருந்தால் முதலில் வாங்க வேண்டியது வால்வும் இரும்புத் தட்டுந்தான். உருளை அடுத்த மாதம். தட்டை மூடியபின், சட்டி ஆறும்வரை திறந்து பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் கடினம்.

நிலையான அமைப்பு வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் தூவுகுழல் எவ்வளவு உயரத்தில், எந்தக் கோணத்தில், எத்தனை அகலமுள்ள பாத்திரத்துக்கு என்பதெல்லாம் சோதனையில் முன்பே வரையறுக்கப்பட்டவை. மேலைநாட்டுப் பொரிப்பான் சதுரமானது, ஆழமானது. நம் இருப்புச் சட்டி வட்டமானது, வாயகன்றது. விற்பவரிடம் போகும்போது உங்கள் சட்டியின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். இந்த அளவுக்கு எந்தத் தூவுகுழல் என்று அவருடைய கையேட்டில் காட்டச் சொல்லுங்கள். வாங்கியபின் சட்டியை மாற்றுவதோ அடுப்பை ஓர் அடி நகர்த்துவதோ கூடாது. மருந்து தோசைக்கல்லின்மேல் தூவும்.

வண்டி நாள்தோறும் குலுங்குகிறது. கன்டெய்னர் லாரிகள் குழிபறித்த சாலையில் போய்வருகையில் திருகாணிகள் தளரும், கம்பி தொய்யும். உருகு தகட்டின்மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அது போர்வை போலாகி, தீயின் சூடு தாமதித்தே எட்டும். ஆகையால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிந்தவரைக் கொண்டு சோதிப்பது வழக்கம். கையுருளையின் அழுத்தமானியில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்பதை நீங்களே தினமும் காலையில் பார்த்துவிடலாம்.

மருந்து ஒருமுறை கொட்டிவிட்டால் அந்த எண்ணெயையும் பலகாரத்தையும் கொட்டிவிட வேண்டியதுதான். வண்டியை வெந்நீரால் கழுவுங்கள். அலுமினியப் பாத்திரங்களை அன்றே கழுவிவிட வேண்டும். காரம் அலுமினியத்தை அரித்துவிடும்.